இடது கைக்கு நான் ஒதுக்கிய நான்கு பட்டன்கள்

அப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தார்கள். "மேல கெடக்கறதயெல்லாம் எறக்கிப் போடு அம்முணி, அப்பறம் பெயிண்டு பட்டுப்போச்சுன்னு என்னயச் சொல்லாத" என்று அம்மா விரட்டினாள். ஸ்டூல் போட்டு லாப்டில் ஏறினேன். பழைய பாத்திரம், உடைந்த மிக்ஸி, என் காலேஜ் புத்தகங்கள், அதற்குப் பின்னால் நம் பழைய கம்ப்யூட்டர். அதன் கீபோர்டை மட்டும் தனியாக உங்கள் தோள்துண்டில் சுற்றிக் கட்டி வைத்திருந்தீர்கள். பிரித்ததும் தூசியும் மக்கிய பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாசனை மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. தும்மி முடித்துப் பார்த்தால், இடது ஓரத்தில் நான்கு பட்டன்களின் மேல் நான்கு சிவப்புப் பொட்டுகள். கியூ, டபிள்யூ, அவற்றுக்கு நேர் கீழே ஏ, எஸ். என் நெயில் பாலிஷ். நான் வைத்த பொட்டுகள்.

இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்கு அவைதான் காரணம். உங்களுக்கு நான் ஒரு தப்புச் செய்திருக்கிறேன் அப்பா. அது தப்பு என்று எனக்குத் தெரிவதற்குப் பதிமூன்று வருஷம் ஆகியிருக்கிறது. நீங்கள் போயே நான்கு வருஷம் ஆகிவிட்டது. இனி யாரிடம் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொன்னாலும் அது என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்கிற பேச்சாகத்தான் முடியும்.

அந்தக் கம்ப்யூட்டரை நீங்கள் சேலத்தில் பழைய சாமான் கடையில் பேரம் பேசி வாங்கி, பஸ்ஸில் கொண்டு வந்த நாள் ஞாபகம் இருக்கிறது. அந்தப் பெருத்த மானிட்டரை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்தபடி சங்ககிரி வரை உட்கார்ந்து வந்தீர்கள். "ஏனுங்க, டிவிக்குத் தனியா டிக்கெட் போடட்டுங்களா?" என்று கண்டக்டர் கேட்டாராம். "மடிலதான உக்காந்திருக்குது, அரை டிக்கெட் போடுங்க" என்றீர்களாம். வீட்டுக்குள் நுழைந்ததும் நீங்கள் முதலில் சொன்னது அந்தக் கதையைத்தான். அப்போது உங்கள் வலது கையில் ஐந்து விரலும் இருந்தன. வடக்கே போர்வெல் போடும் ரிக் வண்டிக்கு வேலைக்குப் போய்விட்டு இரண்டு மாத லீவில் வந்திருந்தீர்கள். அடுத்த தடவை போனபோதுதான் மத்தியப் பிரதேசத்தில் ஏதோ ஓர் ஊரில், பைப் மாற்றும்போது அதைப் பிடித்திருந்த கிளாம்ப் நழுவி, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போயின. கட்டோடு வாசலில் வந்து நின்று, அம்மா வாயைத் திறப்பதற்குள், "மூணு இருக்குதல்ல, போதும் உடு" என்றீர்கள்.

போதும் என்று நீங்கள் நினைத்தீர்கள். நாங்கள்தான் நினைக்கவில்லை. அம்மா காப்பித் தம்ளரை உங்கள் இடது பக்கமாகவே வைக்க ஆரம்பித்தாள். நீங்கள் அதைக் கண்டுகொள்ளாமல் வலது கையை நீட்டி, கட்டைவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவில் தம்ளரைப் பிடித்து எடுப்பீர்கள். கோயிலில் திருநீறு வாங்கும்போதும் வலது கைதான். விரல் இல்லாத இடத்தின் வழியாகக் கொஞ்சம் கீழே கொட்டும். அம்மா உங்கள் இடது கையை எடுத்துக் கீழே அண்டை கொடுப்பாள். சொந்தக்கார ஒறம்பரை வீட்டுக் கல்யாணத்தில், பந்தியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் உங்கள் இலையைப் பார்க்காத மாதிரி பார்ப்பார்கள். எல்லாரும் சேர்ந்து அந்தக் கைக்கு ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டோம். அதற்கு மட்டும் அது தெரியவில்லை.

அப்போது எனக்குத் தெரியாமல் இருந்த ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் வருவது எதற்கும் அர்த்தம் இருக்காது.

நீங்கள் போன பதினாறாம் நாள் காரியத்துக்கு எடைமேடைக்காரர் வந்திருந்தார். உங்களோடு ரிக்கில் இருந்துவிட்டு, பிறகு சங்ககிரியில் ரோட்டோரம் லாரிகளுக்கு எடைமேடை போட்டவர். சாப்பிட்டுக் கை கழுவி வந்து என் பக்கத்தில் நின்றார். "அம்முணி, அன்னிக்கு மட்டும் உங்கப்பா என்ற எடமேடைக்கு வந்திருந்தா, இத்தன வருசம் அந்த மில்லு கேட்டுல நின்னிருக்க வேண்டியதில்ல" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு விவரமாகச் சொன்னார். விபத்து நடந்து எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தபோது அவர் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து லாரி நம்பரையும் எடையையும் தட்டிச் சீட்டுக் கொடுக்கிற வேலை. "பத்து நாள் கழிச்சுச் சொல்லு மாப்ள, கீபோர்டுல கை ஓடுதான்னு ஊட்லயே பாத்துக்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அதற்கு முன் இரண்டு வேலை கைக்கு வந்து நழுவியிருந்தன. இரண்டு தடவையும் அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டு, பிறகு நாலு பேருக்குப் பதில் சொல்ல முடியாமல் தவித்தாள். அதனால் இந்தத் தடவை நீங்கள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

என்னிடமும் சொல்லவில்லை. செமஸ்டர் லீவில் வந்திருந்த என்னிடம், "அந்த ஓடற ஆட்டம் ஒண்ணு ஆடுவயல்ல சாமி, அத எனக்கும் கொஞ்சம் சொல்லிக்குடு" என்று மட்டும் கேட்டீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நேரம் போகவில்லை, அதனால் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன்.

அது பழைய காலத்து டிவி கேம் பெட்டியில் ஆடிய ஆட்டம். பெட்டி இல்லாமலே அதைக் கம்ப்யூட்டரில் ஓடவைக்கும் எமுலேட்டர் என்ற புரோகிராமை ஹாஸ்டல் தோழி ஒருத்தி பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தாள். அந்தப் பெட்டிக்குக் கையில் பிடிக்கும் கன்ட்ரோலர் உண்டு. நம்மிடம் கீபோர்டுதான். அதனால் கன்ட்ரோலரின் எந்தப் பட்டனுக்குப் பதில் கீபோர்டில் எந்தப் பட்டன் என்று நாமே பொருத்திக் கொள்ள வேண்டும். நான் எனக்குப் பொருத்தி வைத்திருந்தது வலது கையில் அம்புக்குறிகள், இடது கையில் இஸட், எக்ஸ். உங்களுக்கு அது ஆகாது என்று பார்த்தவுடனே முடிவு செய்துவிட்டேன். உங்களிடம் கேட்கக்கூட இல்லை.

உங்களுக்கென்று தனியாக ஒரு செட்டிங் போட்டேன். ஏ, எஸ் இரண்டும் இடம் வலம் நடக்க. கியூ ஓட. டபிள்யூ தாண்ட. நான்கும் ஒரு சின்னச் சதுரமாக இடது கைக்குள் அடங்கிவிட்டன. அதற்கு 'அப்பா' என்று பெயர் கொடுத்துச் சேமித்து, மறக்காமல் இருக்க நெயில் பாலிஷில் பொட்டும் வைத்தேன். எனக்குப் பெருமையான பெருமை. கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். உலகத்தில் எனக்குத் தெரியாதது கொஞ்சம்தான் என்று நினைத்திருந்த காலம்.

நீங்கள் பொட்டுகளைப் பார்த்தீர்கள். பிறகு மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தீர்கள்.

"இந்தக் கைக்கும் ஏதாச்சும் ஒரு வேல குடு சாமி."

"அதுக்கெதுக்குங்கப்பா செரமம்? பாருங்க, நாலும் ஒரே கைல அடங்கிருச்சு."

"செரி" என்றீர்கள். என்னோடு நீங்கள் வாதாடியதே இல்லை. வாதாடியிருக்கலாம்.

அது கரண்டு ஒரு மணி நேரம் இருந்தால் ஒரு மணி நேரம் இல்லாத வருஷம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் கரண்டு வரும் நேரத்தை மனப்பாடமாக வைத்திருந்து, அதற்கு முன்பே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். முதுகில் மூட்டை கட்டிய ஒரு சின்ன ஆள் அந்த ஆட்டத்தில் ஓடுவான். அவனுக்கு 'மூட்டக்காரன்' என்று நீங்களே பெயர் வைத்தீர்கள். வழியில் ஒரு பள்ளம் வந்தது. அடியில் நீலமாகத் தண்ணீர் தெரிந்தது. ஆட்டத்தை விட்டுவிட்டு அதையே பார்த்தீர்கள்.

"தண்ணி எவ்வளவு மேலாப்புல நிக்குது பாத்தயா சாமி? நம்மூர்ல ஆயரம் அடி போட்டாலும் பொகதான் வருது. இந்த ஊரு எங்கயிருக்குதுன்னு கேளு, ரிக்க அங்க கொண்டுபோயர்லாம்."

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. முதல் மூன்று நாள் அப்படித்தான் போயிற்று. சின்னப் பள்ளங்களை நின்ற இடத்திலிருந்தே தாண்டினீர்கள். முதல் கட்டத்தை முடித்த அன்று, "ஏஞ்சாமி, பாஸா?" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விக்குள் எத்தனை பெரிய கேள்வி இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

இரண்டாம் கட்டத்தில்தான் அந்த அகலமான பள்ளம். நின்று தாண்டினால் நடுவில் விழுந்துவிடுவான். வலது பக்கம் ஓடிவந்து, ஓட்டத்தை விடாமல், விளிம்பில் தாண்ட வேண்டும். அதாவது எஸ், கியூ, டபிள்யூ மூன்றையும் ஒரே சமயத்தில் அழுத்திப் பிடிக்க வேண்டும். நீங்கள் ஓடிவந்தீர்கள். விளிம்பு வந்தது. மூட்டைக்காரன் தாண்டாமல் நேரே போய்ப் பள்ளத்தில் விழுந்தான்.

"டபிள்யூவ அமுத்தோணும்ங்கப்பா."

"அமுத்தறேன் சாமி."

மறுபடியும் விழுந்தான். மறுபடியும். அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும்.

"எங்கீங்கப்பா அமுத்துனீங்க? அமுத்தியிருந்தா தாண்டியிருப்பானல்ல?"

"அமுத்தறனே சாமி."

நான் எழுந்து வந்து அந்த டபிள்யூவை ஒரு தரம் தட்டிக் காட்டினேன். நின்ற இடத்திலேயே மூட்டைக்காரன் குதித்தான். "பாருங்க, பட்டன் நல்லாத்தான் இருக்குது." பிறகு கீபோர்டை என் பக்கம் இழுத்து, என்னுடைய செட்டிங்கைப் போட்டு, அம்புக்குறியும் இஸட் எக்ஸுமாக ஒரே ஓட்டத்தில் அந்தப் பள்ளத்தைத் தாண்டினேன். "இதுல ஒண்ணுமேயில்லீங்கப்பா." அதோடு நிரூபித்து முடித்துவிட்டதாக நினைத்தேன். உங்களுக்கு நான் கொடுத்த அந்த மூன்று பட்டன்களில் என் மூன்று விரல்களை வைத்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் அழுத்திப் பார்க்கவில்லை.

எட்டாம் நாள். மறுநாள் காலையில் எனக்குக் கோயம்புத்தூர் பஸ். துணி மடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் அந்த மூட்டைக்காரன் பள்ளத்தில் விழும்போது வருகிற சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டது. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. என் கோபம்தான் உங்களுக்குத் தெரியுமே, பாலாட்டம் பொங்கும்.

"உடுங்கப்பா. உங்க கைக்கு இது வராது."

சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். பட்டன்களின் மேல் வைத்திருந்த இடது கையை எடுத்து, உள்ளங்கை, புறங்கை என்று திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஐந்து விரலும் முழுசாக இருந்த கை. ஒரு குறையும் இல்லாத கை. "வராதுங்கற?" என்று கேட்டீர்கள். "ஆமாங்கப்பா" என்று சொல்லிவிட்டு நான் பையின் ஜிப்பை இழுத்தேன்.

விபத்து உங்கள் வலது கையைத்தான் கெடுத்தது. இடது கையை நான் கெடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து நீங்கள் எடைமேடைக்குப் போயிருக்கிறீர்கள். அங்கே சொன்னதை அவர் ஒரு வார்த்தை மாறாமல் வைத்திருந்தார். "எடது கையே சொல்பேச்சு கேக்க மாட்டேங்குது மாப்ள. கம்ப்யூட்டர் படிக்கற புள்ள, அதே பாத்துட்டு வராதுன்னு சொல்லிருச்சு. நீ வேற ஆளப் பாத்துக்க." டாக்டர் சொல்லியிருந்தால்கூட இன்னொரு டாக்டரைப் பார்த்திருப்பீர்கள். நான் சொன்னதால் மேல் பேச்சே இல்லாமல் போயிற்று.

அதன்பின் திருச்செங்கோடு ரோட்டில் அந்த நூல் மில்லில் கேட்டைத் திறந்து மூடும் வேலை. ஒன்பது வருஷம். பாறையைத் துளைத்து ஆயிரம் அடிக்குப் பைப் இறக்கிய ஆள், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, லாரி வந்தால் எழுந்து, இடது கையால் கேட்டைத் தள்ளினீர்கள். லீவுக்கு வரும்போது பஸ் ஜன்னலிலிருந்து உங்களைப் பார்ப்பேன். ஒரு தடவை நான் உள்ளே இருப்பது தெரியாமல் என் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். வலது கை பேன்ட் பைக்குள் இருந்தது. அதற்கு முன் நீங்கள் அதை ஒளித்து நான் பார்த்ததே இல்லை.

காரியத்தன்று எடைமேடைக்காரர் சொன்னதைக் கேட்டு நான் அழுதேன்தான். ஆனால் உள்ளுக்குள் ஒரு வக்கீல் உடனே எழுந்து வந்துவிட்டான். நான் என்ன பொய்யா சொன்னேன்? அப்பாவுக்கு நிஜமாகவே வரவில்லையே. எட்டு நாளும் கூடவே இருந்து பார்த்தேனே. கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான். இதைச் சொல்லிச் சொல்லியே இந்த நான்கு வருஷத்தையும் ஓட்டினேன். தூக்கமும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கீபோர்டை என் லேப்டாப்பில் மாட்டப் பார்த்தேன். உருண்டை முனை, மாட்ட முடியவில்லை. பழைய சிபியுவையும் இறக்கித் தூசி தட்டி, மானிட்டர் செத்துப்போனதால் ஹாலில் இருக்கும் டிவிக்குப் பின்னால் செருகினேன். ஓடும் என்று நான் நினைக்கவில்லை. ஓடியது. வெள்ளையடிக்க வந்தவர்கள்கூட டீத் தம்ளரோடு எட்டிப் பார்த்தார்கள். எமுலேட்டரைத் திறந்து, 'அப்பா' என்ற செட்டிங்கை எடுத்து, இரண்டாம் கட்டத்தை எட்டினேன். பொட்டுகளின் மேல் விரல்களை வைத்தேன். உங்கள் ஞாபகத்துக்காக ஒரு ஆட்டம், அவ்வளவுதான் நினைத்தேன்.

எஸ் அழுத்தினேன், நடந்தான். கியூவும் சேர்த்தேன், ஓடினான். விளிம்பில் டபிள்யூவையும் அழுத்தினேன். நேரே போய்ப் பள்ளத்தில் விழுந்தான்.

இன்னும் அழுத்தி அழுத்தினேன். விழுந்தான். பதினைந்து தடவை. முப்பத்திரண்டு வயது விரல்கள், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கீபோர்டிலேயே கிடக்கும் விரல்கள். டபிள்யூ தனியாக வேலை செய்தது. இரண்டு இரண்டாகச் சேர்த்தாலும் வேலை செய்தது. மூன்றும் சேர்ந்தால் மட்டும் மூன்றாவதைக் கீபோர்டு கண்டுகொள்வதில்லை.

இது தெரிந்த விஷயம்தான் அப்பா. விலை குறைந்த கீபோர்டுகளில் ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனிக் கம்பி கிடையாது. வரிசை வரிசையாகப் பங்கு போட்டுக்கொள்ளும். அதனால் பக்கம் பக்கமாக இருக்கும் சில மூன்று பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் அதற்குக் குழம்பிவிடும். கடைசியாக வந்ததை விட்டுவிடும். என் அம்புக்குறி, இஸட், எக்ஸ் அந்தக் குழப்பத்தில் சிக்கவில்லை. கைக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று தேடித் தேடி நான் உங்களுக்குக் கட்டிக் கொடுத்த சதுரம்தான் சரியாகச் சிக்கியது. இன்றைக்கு நான் கம்பெனியில் செய்யும் வேலை என்ன தெரியுமா? அடுத்தவர் எழுதிய புரோகிராமில் குறை கண்டுபிடிப்பது. அதற்குப் பாராட்டெல்லாம் கொடுத்திருக்கிறார்கள். என் வீட்டில், என் அப்பாவுக்கு, நானே போட்ட நான்கு பட்டனைச் சோதித்துப் பார்க்கத் தெரியாத எனக்கு.

நீங்கள் அழுத்தியிருக்கிறீர்கள். எட்டு நாளும் அழுத்தியிருக்கிறீர்கள். அமுத்தறேன், அமுத்தறேன் என்று வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறீர்கள். என் வக்கீல் அதோடு ஓடிப்போனான்.

அழுது முடித்து, எல்லாவற்றையும் மூடலாம் என்று செட்டிங் பட்டியலுக்குத் திரும்பியபோதுதான் அதைக் கவனித்தேன். பட்டியலில் இரண்டு பெயர்தான் இருக்க வேண்டும், என்னுடையதும் 'அப்பா'வும். கீழே மூன்றாவதாக ஒன்று இருந்தது. எஸ் எஸ் எஸ் எஸ். எப்படிப் பெயர் வைப்பது என்று தெரியாமல் யாரோ ஒரே பட்டனை நான்கு தடவை தட்டி வைத்த பெயர். நான் வைக்கவில்லை. அம்மா அந்தக் கம்ப்யூட்டரைத் துடைக்கத்தான் தொடுவாள். திறந்தேன்.

நடப்பதற்கு ஏ, எஸ். ஓடுவதற்குக் கியூ. எல்லாம் நான் போட்டபடியே. தாண்டுவதற்கு மட்டும் டபிள்யூ இல்லை. கீபோர்டின் அந்தக் கோடியில், எண்கள் மட்டும் தனியாக இருக்கும் இடத்தில், அடியில் அகலமாக இருக்குமே பூஜ்யம், அது. வலது கைக் கட்டைவிரலுக்கு.

அந்தக் கைக்கு ஒரு வேலை கேட்டீர்கள். நான் கொடுக்காததால் நீங்களே கொடுத்துக்கொண்டீர்கள்.

சமையல்கட்டில் இருந்த அம்மாவிடம் போய்க் கேட்டேன். "மழ பேஞ்சு மில்லுக்கு லீவு உட்டா அது முன்னால உக்காந்து தட்டிக்கிட்டே இருப்பாரு அம்முணி. ஒருநாளு 'ஐயோ'ன்னு கத்துனாரு. என்னமோ ஏதோன்னு ஓடுனேன். ஒண்ணுமில்ல, தாண்டிருச்சுன்னாரு. எனக்கென்ன தெரியுது, பல்லின்னு நெனச்சேன்." சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

நீங்கள் ஆட்டத்தைப் பதினொரு இடத்தில் சேமித்து வைத்திருக்கிறீர்கள். தேதிகளைப் பார்த்தேன். நான் ஹாஸ்டலுக்குத் திரும்பி மூன்று மாதம் கழித்து, ஐப்பசி மழையில் ஆரம்பித்திருக்கிறது. எடைமேடையில் அதற்குள் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டான். கடைசி இடத்தைத் திறந்தால் மூட்டைக்காரன் ஏழாம் கட்டத்தில் ஒரு பாறை மேல் நிற்கிறான். நான் நாலாம் கட்டத்தைத் தாண்டியதே கிடையாது. ரிக்கில் பைப் சிக்கினால் யாரையும் திட்டாமல் ஒவ்வொன்றாகக் கழற்றி எங்கே சிக்குகிறது என்று பார்ப்பீர்களாமே, எடைமேடைக்காரர் சொன்னார். அப்படித்தான் இதையும் பார்த்திருப்பீர்கள். எந்தப் பட்டன் எதோடு சேரவில்லை, எதோடு சேர்கிறது என்று, இங்கிலீஷில் இருக்கும் அந்தப் பக்கத்தை எழுத்துக் கூட்டிக் கூட்டி. எத்தனை நாள் ஆயிற்றோ. கடைசியில் உங்களுக்குத் தெரிந்துவிட்டது, குறை கையில் இல்லை என்று. லாரி நம்பரும் எடையும் தட்டுவதற்கு வேண்டிய எண்களும் அதே வலது பக்கத்தில்தான் இருக்கின்றன என்பதும் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டே போய் ஒன்பது வருஷம் கேட்டைத் திறந்திருக்கிறீர்கள்.

ஆபீசில் இப்போது யாராவது "செய்கிறேன், வரவில்லை" என்றால் நான் பதில் சொல்வதற்கு முன் அவர்கள் நாற்காலியில் போய் உட்கார்ந்து பார்க்கிறேன். திங்கட்கிழமையிலிருந்து. நல்ல பழக்கம்தான். அதனால் உங்களுக்கு என்ன பிரயோசனம்?

எழுத நினைத்ததில் ஒன்று பாக்கி. அதைத் தள்ளித் தள்ளித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

அந்த ஐப்பசியில் ஒருநாள் சாயங்காலம் ஹாஸ்டலில் இருந்த என் செல்லுக்கு நீங்கள் போன் செய்தீர்கள். இந்தப் பக்கம் மழை, அந்தப் பக்கமும் மழை. உங்கள் குரலில் ஒரு துள்ளல் இருந்தது. எனக்கு அப்போதே கேட்டது, இப்போதும் கேட்கிறது. "சாமி, அந்த ஆட்டத்துல ஒரு சங்கதி கண்டுபுடிச்சேன்" என்று ஆரம்பித்தீர்கள். இன்னும் அந்த ஆட்டமா என்று எனக்கு அலுப்பாக இருந்தது. "அப்பா, நாளைக்குப் பரீட்சைங்க. அப்பறமாப் பேசட்டுங்களா?" என்றேன். "அடடா, படி சாமி, படி. இது ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லி உடனே வைத்துவிட்டீர்கள். அப்புறம் நான் கேட்கவும் இல்லை, நீங்கள் சொல்லவும் இல்லை. நீங்கள் பாதியில் விட்ட அந்தச் சங்கதியைத்தான் இப்போது எங்கே போனாலும் சுமந்துகொண்டு திரிகிறேன்.

மறுநாள் பரீட்சை எதுவும் இல்லை அப்பா. மெஸ்ஸில் தோசைக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டே பேர்தான் இருந்தார்கள்.